சாம்பலில் கிடந்த கம்பி

மூக்கனைப் புதைக்க இடம் இருக்கவில்லை. லிந்துலைக்கு மேலே, அவர் பிறந்து வேலை செய்து செத்துப்போன அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரையும் எரித்ததே கிடையாது. ஆனால் போன மழையில் தோட்டத்து மயானம் பாதி சரிந்து ஓடைக்குள் போய்விட்டது. மீதிப் பாதியில் வெடிப்பு விட்டிருந்தது. அங்கே குழி வெட்டக்கூடாது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் மூக்கனின் பெட்டி டவுனில் இருந்த தகனசாலைக்குப் போனது. கேஸில் எரிக்கிற இடம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த அந்த லயத்திலிருந்து அங்கே போன முதல் ஆள் அவர்தான்.

அந்த இடத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாததால் எல்லாரும் ஏதாவது சொன்னார்கள். பெட்டியை வெளியே உருவி மறுபடி விற்றுவிடுவார்கள் என்றார் ஒருவர். சூட்டில் பிணம் எழுந்து உட்காருமாம், கம்பால் அடித்துப் படுக்க வைப்பார்களாம் என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும்விட அதிகம் சொன்னவர் பழனியாண்டி. மூக்கனின் தம்பி. பொகவந்தலாவையிலிருந்து சாவுக்கு வந்திருந்தார்.

"ஒரு ஆளுக்காக அடுப்ப மூட்டுவானுங்களா? நாலு பொணம் சேந்தாத்தான் கேஸத் தொறப்பானுங்க. அப்புறம் சாம்பல அள்ளி ஆளுக்கு ஒரு பை குடுத்துருவானுங்க. யாரு சாம்பலு யாருக்குன்னு ஆருக்குத் தெரியும்?"

மூக்கனின் மகன் ஜீவராஜ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவன். அப்பா உயிரோடு இருந்தபோது வந்து சேரவில்லை. தங்கை தனுஜா போனில் "மூச்சு ஒரு மாதிரி இருக்குண்ணே, வந்துரு" என்று சொன்ன அன்று கடையில் சரக்கு இறங்கியது. மறுநாள் கிளம்பினான். ஹட்டனில் பஸ் நிற்கும்போது செய்தி வந்தது. அதன்பிறகு லயத்தில் யார் முகத்தையும் நேராகப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் தனுஜாவின் கையைப் பிடித்துத்தான் அழுதார்கள். அவனிடம், "எப்ப தம்பி வந்தீங்க?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டார்கள்.

தகனசாலையில் கொள்ளி வைப்பதற்குப் பதிலாகச் சுவரில் இருந்த பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினான். உள்ளே ஏதோ உறுமியது. அவ்வளவுதான். ஒரு மகன் செய்ய வேண்டியது இவ்வளவுதானா என்று அவனுக்கு இருந்தது.

சாம்பல் எடுக்க மறுநாள் காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். தனுஜாவும் வருவதாகச் சொன்னாள். பழனியாண்டி விடவில்லை. "சுடுகாட்டுக்குப் பொம்பள வர்றதா? இதெல்லாம் ஆம்பளைங்க வேல. நீ வீட்டக் கழுவி விடு, போ."

ஜீவராஜும் சித்தப்பாவும் ஆட்டோவில் போனார்கள். தகனசாலையில் வேலை செய்கிற யோகேஸ்வரன் ஒரு தகரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள். தட்டில் சாம்பல் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளை வெள்ளையாய் எலும்புத் துண்டுகளும் கொஞ்சம் பொடியும் கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கருநீலம் பாய்ந்த ஒரு இரும்புக் கம்பி. பக்கத்தில் திருகாணிகள்.

"இது என்னா?" என்றார் பழனியாண்டி.

"கம்பிங்க. உங்க ஆளு ஒடம்புல இருந்ததுதான்."

"எங்க அண்ணன் ஒடம்புல ஏதுயா கம்பி? அவரு என்னா கட்டடமா?"

"எனக்கு அது தெரியாதுங்க. கை கால் ஒடஞ்சவங்களுக்கு வைப்பாங்க. எதுக்கும் வீட்ல ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

ஜீவராஜுக்குக் காது சூடேறியது. "யார்கிட்ட கேக்கணும்? எங்கப்பாவப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அதைச் சொல்லும்போது அவன் மனதில் ஏதோ ஒன்று அசைந்தது. கடையில் நின்றபடி எடுத்த ஒரு போன். 'அப்பாவுக்குக் கால்ல அடிண்ணே.' வாடிக்கையாளருக்குத் துணியை விரித்துக்கொண்டே அவன் 'சரி சரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ' என்று சொன்னது. அந்த நினைவு முழுதாக எழும்பி வருவதற்குள் பழனியாண்டி கத்தத் தொடங்கிவிட்டார். வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் 'இருங்க, தங்கச்சியக் கேக்குறேன்' என்று சொல்ல ஜீவராஜுக்கு நா எழவில்லை. அதோடு கோபப்படுவது அவனுக்குச் சுகமாக இருந்தது. அப்பாவுக்காகச் செய்ய இப்போதுதான் ஏதோ ஒன்று கிடைத்ததுபோல் இருந்தது.

"மாத்திட்டான் சித்தப்பா. இது அப்பா இல்ல."

"நான் அப்பவே சொன்னேன்ல? இந்தாய்யா, நேத்து இன்னும் யாரப் போட்டு எரிச்ச?"

"காலையில ஒரு பையன எரிச்சோம். அது முடிஞ்சு, அந்தப் பையனோட சாம்பல எடுத்து வச்சிட்டுத்தான் உங்க ஆள..." யோகேஸ்வரன் தடுமாறினார். "ஒண்ணா எரிக்கிறதில்லீங்க. ஒராளுதான் உள்ள போகும்."

"நிறுத்து. பொணந்தின்னிப் பயலே" என்றான் ஜீவராஜ்.

தன் வீட்டில் யாரும் பேசிக் கேட்டிராத ஒரு வார்த்தையை, தன்னைவிடப் பத்து வயது மூத்தவரிடம் சொல்லிவிட்டான்.  யோகேஸ்வரனின் கண்கள் ஒருமுறை சுருங்கின.

சாம்பலையும் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். முந்தின நாள் காலையில் எரித்த பையனின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டவுனைத் தாண்டிய திருப்பத்தில் வெள்ளைக்கொடிகளும், சிரிக்கிற முகத்தோடு ஒரு பேனரும் கட்டியிருந்தார்கள். நிரஞ்சன். லொறி மோதிச் செத்த பையன். இவர்கள் போனபோது வாசலில் ஒரு வேன் நின்றது. நிரஞ்சனின் அப்பா இராமையா தோளில் துண்டோடு நின்றார். அம்மா வேலாயி சிவப்புத் துணி சுற்றிய மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் கரைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

பழனியாண்டி ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சொன்னார். "பானைய எடுத்துட்டுப் போயிராதீங்க. அதுல இருக்கிறது எங்க அண்ணன்."

இராமையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னாங்க சொல்றீங்க? அது எங்க மகன்."

"எரிக்கிறவன் கலந்துட்டான்" என்று ஜீவராஜ் கம்பியைத் தூக்கிக் காட்டினான். "எங்க பையில இது கெடக்கு. எங்கப்பாவுக்கு இந்த மாதிரி ஒண்ணும் கெடையாது. உங்க பையனுக்கு இருந்துச்சா?"

"இல்லையே."

"அப்ப பாருங்க. யாரோ மூணாவது ஆளு. எல்லாத்தையும் ஒண்ணா அள்ளித்தான் குடுத்திருக்கான். உங்க பானையிலயும் யாரு இருக்காங்கன்னு சொல்ல முடியாது."

வேலாயி பானையைச் சுற்றியிருந்த கைகளை எடுத்துவிட்டாள். மடியில் இருப்பது சுடுகிறதுபோல எடுத்தாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் புள்ள எங்க?" என்று கேட்டாள்.

பிறகு இராமையாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் வர்றேன், நானே பாத்து எடுக்குறேன்னு சொன்னேன். வரக்கூடாதுன்னுட்டீங்க. பெத்தவளுக்குத் தெரியாதா, எது அவன்னு? இப்ப நான் யாரக் கொண்டுபோயி ஆத்துல விட?" அவள் குரல் ஏறவே இல்லை. அதுதான் அங்கு நின்றவர்களைக் கலக்கியது. சொந்தக்காரப் பையன்கள் நான்கைந்து பேர் அந்த வேனிலேயே ஏறித் தகனசாலைக்குக் கிளம்பினார்கள். இராமையாவும் அவர்களோடு போனார்.

போலீசில் புகார் எழுதி எண்ட்ரி போடுவதென்று பழனியாண்டி முடிவு செய்தார். ஜீவராஜின் அடையாள அட்டை வீட்டில் கிடந்தது. இருவரும் தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.

லயத்துப் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். சாம்பலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதென்று ஜீவராஜ் பையை வெளியே கொய்யா மரத்தில் மாட்டினான். கம்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நடந்ததை உரக்கச் சொன்னான். வீடு கழுவிக்கொண்டிருந்த தனுஜா ஈரக் கையோடு வெளியே வந்தாள். அவன் சொல்வதை அவள் கேட்டதாகத் தெரியவில்லை. கம்பியையே பார்த்தாள். பிறகு கிட்டே வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"இது அப்பாவோடதுண்ணே."

"என்னா?"

"தொடையில வச்ச கம்பி. தேயிலச் செடி வெட்டப் போயி கவ்வாத்து மலையில விழுந்தாருல்ல. ஒனக்குப் போன்ல சொன்னேனே." பாவாடையில் கையைத் துடைத்துவிட்டு, கம்பியை மறுபடி தடவிப் பார்த்தாள். "குளிர் நாள்ல இது உள்ள குத்துதுன்னு சொல்லுவாரு. வெந்நி ஒத்தடம் குடுத்தாத்தான் தூங்குவாரு."

பீலியடியிலிருந்து ஒரு பெண் சொன்னாள், "மூக்கண்ணனுக்குக் கம்பி வச்சது லயத்துக்கே தெரியுமே தம்பி." கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னாள்.

 போன தைப்பொங்கலுக்கு ஜீவராஜ் ஒரு பகல் வந்திருந்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்தே பேசினார். உட்கார்ந்தே சாப்பிட்டார். அவன் புறப்படும்போதும் எழவில்லை. 'வயசாச்சு, சோம்பல்' என்று அவன் நினைத்தது ஞாபகம் வந்தது.

"பொங்கலுக்கு வந்தப்பகூட எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான்.

"நொண்டுறத நீ பாத்தா மனசு கஷ்டப்படுவன்னு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

பழனியாண்டி செருமினார். "கால் ஒடஞ்சுச்சுன்னு நானும் கேள்விப்பட்டேன். மாவுக்கட்டுன்னுல நெனச்சேன்." பிறகு ஜீவராஜ் பக்கம் திரும்பி, "நீதானப்பா எங்கப்பாவப் பத்தி எனக்குத் தெரியாதான்னு கேட்ட? மகன் சொல்றானேன்னு நானும் நம்பிட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, விடு. அவங்க ரெண்டு நாள்ல அடங்கிருவாங்க. நம்ம யாருன்னுகூட அவங்களுக்குத் தெரியாது" என்றும் சொன்னார்.

அது ஜீவராஜுக்கும் தோன்றிய யோசனைதான். பகல் பஸ்ஸில் ஏறினால் சாயங்காலம் கொழும்பில் இருக்கலாம். அப்படித் தோன்றியதை அவனால் தாங்க முடியவில்லை.

"அந்தம்மா பானைய மடியில வச்சிருந்தாங்க" என்றான் தங்கையிடம். "நான் போயி அது ஒங்க புள்ள இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

தனுஜா அவனைத் திட்டவில்லை. உள்ளே போய், அலுமாரிக்குப் பின்னாலிருந்து அப்பாவின் எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "வா போவோம். நானும் வர்றேன்."

இந்தமுறை பழனியாண்டி தடுக்கவில்லை.

வேலாயி அதே படியில் இருந்தாள். பானையை இறக்கிப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஜீவராஜ் முற்றத்தில் நின்றான். 

"அம்மா, நான் சொன்னது தப்பு. அந்தக் கம்பி எங்கப்பாவோடதுதான். எனக்குத் தெரியாமப் போச்சு. யாரும் எதையும் மாத்தல. அது ஒங்க மகன்தாம்மா."

வேலாயி நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்கப்பாவுக்குக் கம்பி வச்சது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"காலையில கம்பியே கெடையாதுன்னு சொன்ன. இப்ப தெரியாதுங்கிற. நான் எத நம்புறது?"

தனுஜா எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். தொடை எலும்புக்குள் நீளமாக வெள்ளைக் கோடு. மேலேயும் கீழேயும் திருகாணிகள். வேலாயி கம்பியைப் படத்தோடு வைத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஆனாலும் பானையைத் தொடவில்லை.

"இது ஒங்கப்பாவோடதுன்னு நம்புறேன். ஆனா ஒரு தடவ மனசுல விழுந்துருச்சே. இனிமே இதப் பாக்குறப்பெல்லாம் அதுதான் வரும். எனக்கு அந்த எடத்தப் பாக்கணும். என் புள்ளைய எங்க வச்சானுங்கன்னு என் கண்ணால பாக்கணும்."

மூன்று பேருமாக ஆட்டோவில் போனார்கள். வேலாயி பானையை எடுத்து வந்து தனுஜாவின் மடியில் வைத்தாள்.

தகனசாலை வாசலில் கூட்டம் இருந்தது. யோகேஸ்வரன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் கிழிந்து தொங்கியது. உதடு வீங்கியிருந்தது. இராமையா பையன்களைப் பிடித்துத் தள்ளி நிறுத்தியிருந்தார். இதைத் தான் செய்யவில்லை என்று ஜீவராஜால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தான்தான் செய்தோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவே போய் நின்று, கம்பி தன் அப்பாவுடையதுதான், தப்பு தன்மேல்தான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். பாதியில் தடுமாறினான். மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். ஒரு பையன் "தூ" என்று துப்பினான். அது காலடியில் விழுந்தது. ஜீவராஜ் நகரவில்லை.

வேலாயி யாரையும் பார்க்காமல் யோகேஸ்வரனிடம் போனாள். "தம்பி, எனக்கு உள்ள காட்டுவியா?"

"பொம்பளைங்க உள்ள போறது..." என்று யாரோ இழுத்தார்கள். தனுஜா வேலாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இராமையா, "அவ பாக்கட்டும்" என்றார்.

யோகேஸ்வரன் சுவரைப் பிடித்து எழுந்து இரும்புக் கதவைத் தூக்கினார். உள்ளே செங்கல் அறை. நீளமாக, குறுகலாக இருந்தது. வேலாயி குனிந்து பார்த்தாள். கையை நீட்டி அகலத்தை அளந்து பார்த்தாள்.

"ஒராளு படுக்கத்தான் எடமிருக்கு."

"ஆமாம்மா. அடுத்த பெட்டி போகணும்னா இத வழிச்சு எடுத்தாத்தான் போகும்."

"நேத்துக் காலையில நீதான் எடுத்தியா?"

"நான்தாம்மா. மூல முடுக்கெல்லாம் கூட்டித்தான் எடுத்தேன்."

"எந்திரிச்சு ஒக்காருவாங்க, கம்பால அடிப்பாங்கன்னு சொல்றாங்களே?"

"நான் பாத்த வரைக்கும் அப்பிடியெல்லாம் இல்லம்மா. கம்பெல்லாம் வச்சிக்கிறதில்ல. கதவச் சாத்திட்டா முடிஞ்சப்புறந்தான் தொறப்போம்."

"பெட்டி?"

"பெட்டியோடதாம்மா போனாரு. பெட்டி, துணியெல்லாம் காத்தாப் போயிரும். எலும்புதான் மிஞ்சும். அதான் கொஞ்சமா இருக்கு."

வேலாயி இன்னும் கொஞ்சநேரம் அந்த இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் மட்டும் குலுங்கின. தனுஜா அசையாமல் பக்கத்தில் நின்றாள். அழுது முடித்தபிறகு வேலாயி பானையைத் தனுஜாவிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், குழந்தையைத் தூக்குவதுபோல.

"போவோம்" என்றாள் இராமையாவிடம். "பொழுதோட ஆத்துக்குப் போயிருவோம்."

அவள் ஜீவராஜைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் நிற்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவன் யோகேஸ்வரனிடம் போனான். மன்னிப்பு என்ற சொல்லை எப்படித் தொடங்குவதென்றே அவனுக்குத் தெரியவில்லை. "அண்ணே, காலையில நான் பேசுன பேச்சு... இந்த அடியும் என்னாலதான். டிஸ்பென்சரிக்குப் போவோம், வாங்க."

யோகேஸ்வரன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். "வேணாம்."

"அண்ணே..."

"அடி பரவாயில்ல தம்பி. என் சம்சாரம் சோறு கொண்டாந்துச்சு. அடிக்கிறத கேட்ல நின்னு பாத்துட்டு அப்பிடியே திரும்பிப் போயிருச்சு. நான் இப்ப அது மொகத்தப் பாக்கத்தான் போகணும்." அவர் தட்டைக் கவிழ்த்து வைத்தார். "நீங்க கெளம்புங்க."

அவன் கிளம்பினான். தனுஜா வெளியே காத்திருந்தாள். ஆட்டோவை அனுப்பிவிட்டு இருவரும் தேயிலை மலையூடாகக் குறுக்குப் பாதையில் ஏறினார்கள். மேலே மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் எதிரே வந்தார்கள். நடந்தது அதற்குள் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. தனுஜாவைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஜீவராஜுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. அவர்கள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

கொஞ்சத்தூரம் ஏறியதும் அவன் கேட்டான். தரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான்.

"அப்பா எப்பிடி விழுந்தாரு?"

 தனுஜா மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"மழ பேஞ்சு விட்டிருந்துச்சு" என்று தொடங்கினாள். "கவ்வாத்துக் கத்திய தோள்ல போட்டுக்கிட்டு எறங்குறாரு. நான் கீழ நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்..."

அவள் சொல்லச் சொல்ல அவன் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவைகூட அவன் குறுக்கே பேசவில்லை.